ரெஜினா மிஸ் விளக்கை அணைக்கவில்லை

தேக்கா ஈரச்சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. நான் அந்தக் குழுவிலிருந்து விலகவில்லை. என்னை நீக்க அவர்களுக்கும் துணிவில்லை. வெள்ளைப் பூக்கள், ஒரு மெழுகுவத்தி, நடுவில் ரெஜினா மிஸ்ஸின் படம். "எங்கள் அன்புக்குரிய அறிவியல் ஆசிரியை இறைவனடி சேர்ந்தார்." அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. போட்டவர்களில் பாதிப் பேர் அவர் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்.

அந்தப் படம் எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியும். பொங்கல் விழா நாளன்று காலையில் எடுத்தது. கையெல்லாம் கோலமாவு, மூக்கின் மேலும் கொஞ்சம் ஒட்டியிருக்க, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அன்று மதியத்துக்குள் அவரை வெறுக்க ஆரம்பித்தார்கள். அவரைத் துரத்தத் தொடங்கிய நாளில் எடுத்த படத்தையே அவருடைய இரங்கலுக்குப் போட்டிருக்கிறார்கள். இருப்பதில் அதுதான் அழகான படம் போல.

"அங்கிள், மீன் தலை வேணுமா, வேணாமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

எனக்கு மீனே வேண்டாம் என்று தோன்றியது. காசைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களும் படிக்கட்டும். ரெஜினா மிஸ் காத்தோங்கில் பிறந்து வளர்ந்தவர். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். நோயாளியின் சளியிலும் இரத்தத்திலும் எந்தக் கிருமி இருக்கிறது, அதை எந்த மருந்து கொல்லும் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவருடைய வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் செங்காங்கில் தங்கை குடும்பத்தோடு இருந்தார். சனிக்கிழமை பிற்பகல்களில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், சங்கத்தின் மாடி அறையில், எங்களைப் போன்ற கிழடுகளுக்குத் தமிழில் உயிரியல் சொல்லிக் கொடுத்தார். யாரும் கூப்பிட்டு வரவில்லை. தானே போய்க் கேட்டு அந்த அறையை வாங்கினார்.

நான் படித்ததெல்லாம் தொடக்கப்பள்ளி வரைதான். அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுது பார்த்தவன். மற்றதெல்லாம் நூலகத்தில் நானாகப் படித்துக்கொண்டது. எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அதனால் யாரிடமும் தலையாட்டும் பழக்கமும் எனக்கில்லை. முதல் வகுப்புக்கு நான் போனதே அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்க்கத்தான்.

அன்று வெண்பலகையில் இரண்டு படம் வரைந்தார். ஒன்று பாக்டீரியாவின் செல், சின்னது. இன்னொன்று நம் உடம்பின் செல், பெரியது. பெரியதற்குள் வட்டமாக உட்கரு, சுற்றிலும் பல நுண்ணுறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சவ்வு. சின்னதற்குள் அப்படி எதுவும் இல்லை. மரபுப்பொருள் ஒரு வளையமாகச் சுருண்டு நடுவில் கிடந்தது. அதைச் சுற்றிச் சவ்வும் இல்லை, அறையும் இல்லை.

"அப்போ அது பாதி செல். இன்னும் முழுசா வளரலை" என்றேன் நான்.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நடுவுல ஒண்ணுமே இல்லையே."

"அண்ணே, நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"லிஃப்ட் டெக்னீஷியன்."

"சரி. தரைவீட்டுல இருக்கவங்களுக்கு லிஃப்ட் கிடையாது. அதுக்காக அது பாதி கட்டின வீடா?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தொழிலை எடுத்து என்னையே அடித்துவிட்டார். ஆனால் அவர் சிரிக்கவில்லை, விளக்கினார். பாக்டீரியா மிகச் சின்னது. உள்ளே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பொருள் போய்ச் சேர நேரமே ஆகாது. அறை தடுப்பதற்கோ ஆள் வைத்து எடுத்துப் போவதற்கோ அங்கே அவசியமில்லை. நம் செல் பெரியது. அதற்குள் வேலைகளைப் பிரித்து வைக்காவிட்டால் நடக்காது. நம் செல்லில் மரபுக் குறிப்பை உட்கருவுக்குள் பிரதி எடுத்து வெளியே அனுப்பிய பிறகுதான் புரதம் தயாராகும். பாக்டீரியாவில் குறிப்பைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே புரதம் தயாராக ஆரம்பித்துவிடும்.

"நம்ம செல்லுல ஆபீஸ் வேற, அடுப்பு வேற. அங்க ரெண்டும் ஒரே மேசைல நடக்குது. எது வேகமா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அப்புறம், "இல்லாததெல்லாம் குறைன்னு நினைக்கிற வியாதி நமக்கு மட்டும்தான் இருக்கு, பாக்டீரியாவுக்கு இல்லை" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாக இருந்ததால் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

ஒருமுறை என் காலில் படை வந்தது. கால்விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. பல் பிடுங்கியபோது கொடுத்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையில் மிச்சம் வீட்டில் கிடந்தது. அதை எடுத்து விழுங்கிவிட்டு வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். ரெஜினா மிஸ் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"உங்க கால்ல இருக்கறது பூஞ்சை. பூஞ்சையோட செல்லுல உட்கரு இருக்கு, மைட்டோகாண்ட்ரியா இருக்கு, எல்லாம் இருக்கு. அது நம்ம பக்கத்து ஆளு. நீங்க முழுங்கின மாத்திரை பாக்டீரியாவை அடிக்கிறது. உங்க காலுக்கு அது ஒண்ணும் செய்யாது, வயித்துல இருந்த நல்ல பாக்டீரியாவை மட்டும் கொன்னிருக்கும்."

புஷ்பாக்காவுக்கு இதைத் தாங்க முடியவில்லை. சாலையோரம் பூமாலைக் கடையில் காலமெல்லாம் பூக்கட்டியவர், எங்கள் வகுப்பின் முதல் வரிசை. "அய்யோ மிஸ், ரொட்டில பச்சையா பூக்குதே, அதுவா நமக்குச் சொந்தம்?"

"பாக்டீரியாவை விட அது கிட்டின சொந்தம்லா."

"அதான் கூப்பிடாமலே வந்து ஒட்டிக்குது!"

பூஞ்சை தாவர இனம் என்று நான் படித்திருந்தேன். மறுவாரம் அந்தப் பழைய புத்தகத்தை நூலகத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன். பொறுமையாகப் படித்துப் பார்த்தார். "இந்தப் புத்தகம் அச்சடிச்ச காலத்துல இதுதான் சரி அண்ணே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் என்னை முட்டாள் என்று சொல்லியிருப்பார்கள், அல்லது வயதுக்காக விட்டுக்கொடுத்திருப்பார்கள். இரண்டையும் செய்யாத ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. மருந்து எப்படி நம்மை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் அடிக்கிறது என்று கேட்டோம். "மருந்து வித்தியாசத்தைத்தான் குறி பாக்கும்" என்றார். பாக்டீரியாவுக்கு அதற்கே உரிய ஒரு செல்சுவர் உண்டு, நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. சில மருந்துகள் அந்தச் சுவரை உடைக்கின்றன. புரதம் செய்யும் ரைபோசோம் இரண்டு பக்கத்திலும் உண்டு, ஆனால் பாக்டீரியாவுடையது சிறியது, வேறு அமைப்பு. வேறு சில மருந்துகள் அதைப் பிடிக்கின்றன. "ஒரே மாதிரி இருந்திருந்தா யாரை அடிக்கறதுன்னே தெரிஞ்சிருக்காது."

என் மனைவி இறந்த பிறகு கொஞ்ச நாள் வகுப்புக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று யாராவது ஆறுதல் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, உட்கார்ந்ததும் ஒரு கேள்வியை எறிந்தேன்.

"நம்ம இரத்தத்துல சிவப்பணு இருக்கே, அதுல உட்கரு கிடையாது. அப்போ அது பாக்டீரியா மாதிரியா?"

மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"இல்லண்ணே. சிவப்பணு பிறக்கும்போது உட்கருவோடதான் பிறக்குது. அப்புறம் அதை வெளியேத்திடுது. அது இருந்து போனது. பாக்டீரியா அது இல்லாமலே வாழறது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு அன்று வந்த ஆறுதல்களிலேயே நான் பொறுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இனி அந்தப் பொங்கல் விழா. இதை நான் சுருக்கப் போவதில்லை.

சங்கத் தலைவர் குணசேகர், ஒவ்வொரு வகுப்பும் விழாவில் ஒரு காட்சி வைக்க வேண்டும் என்றார். "கலர்ஃபுல்லா இருக்கட்டும் மிஸ், சிறப்பு விருந்தினர் வர்றாரு" என்றார். ரெஜினா மிஸ் இரண்டு செல்லையும் கோலமாகப் போடலாம் என்றார். நாங்கள் குதித்தோம். விடிந்ததும் போய் மண்டபத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். வலப்பக்கம் நம் செல். உட்கருவுக்கு ஒரு பித்தளைத் தாம்பாளம், அதன் விளிம்புதான் உட்கருச் சவ்வு. அதற்குள் மல்லிகைச் சரங்கள், அவைதான் மரபுப்பொருள். மைட்டோகாண்ட்ரியாவுக்கு மைசூர் பருப்பு. இடப்பக்கம் பாக்டீரியா. தடித்த அரிசிமாவுக் கோடு செல்சுவர், நீளமாக ஒரு வால். உள்ளே புஷ்பாக்கா கட்டிய ஒரே மல்லிகைச் சரம், இரு முனையும் சேர்த்துக் கட்டி, சுருள விட்டு, நடுவில் அப்படியே போட்டது. சுற்றிலும் கோடு இல்லை, தட்டு இல்லை. இரண்டிலும் ரைபோசோமுக்குக் கடுகு தூவினோம். "ரைபோசோம் ரெண்டு பேருக்கும் உண்டு, மறந்துடாதீங்க" என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அவர் கை கழுவப் போனார். நான் நாற்காலி அடுக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் பாக்டீரியாவின் நடுவில் ஒரு பித்தளைத் தட்டு, தட்டின் மேல் காமாட்சி விளக்கு எரிகிறது, மல்லிகைச் சரம் சுருளெல்லாம் பிரிக்கப்பட்டுத் தட்டைச் சுற்றி அழகான வட்டமாக வைக்கப்பட்டிருக்கிறது. யார் பார்த்தாலும் அது உட்கரு. அதைவிடத் தெளிவாக உட்கரு வரைய முடியாது.

"யாருக்கா இது?"

"நான்தான் மிஸ்" என்றார் புஷ்பாக்கா, முகமெல்லாம் மலர்ந்து. "நடு காலியா கிடந்துச்சு. பூவும் கோணல்மாணலா இருந்துச்சு. கெஸ்ட் வர்ற நேரம், கோலத்து நடுவுல விளக்கு இல்லாம எப்படி? அதான் நீட்டா பண்ணிட்டேன்."

ரெஜினா மிஸ் புஷ்பாக்காவைத் திட்டவில்லை. நான் பக்கத்தில் நின்றவன். "அக்கா, அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தச் செல்லுல அது கிடையாதுக்கா. அது இல்லைன்னு காட்டத்தானே இவ்வளவு நேரம் உக்காந்தோம்" என்றார். பிறகு குனிந்து விளக்கைத் தட்டோடு எடுத்தார். காற்றுக்கு ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மண்டபத்தின் முன்புறம் இருந்த வரவேற்பு மேசை வரை நடந்து போய், அங்கே வைத்தார். சுடர் அணையவில்லை. வைத்த பிறகு திரியைக்கூடச் சரி செய்தார். திரும்பி வந்து மண்டியிட்டு, அந்த மல்லிகைச் சரத்தைப் பழையபடி சுருளாகப் போட்டார். அதுதான் நடந்தது. அவ்வளவுதான் நடந்தது.

சிறப்பு விருந்தினர் வந்தார், படம் எடுத்துக்கொண்டார், கேசரி சாப்பிட்டார், போனார். அவர் கோலத்துக்கு முன்னால் நின்று, "ஓ, இது மீனா?" என்று கேட்டதும், மிஸ் பொறுமையாக விளக்கியதும் தனிக்கதை. ஆனால் அதற்குள் மண்டபத்தின் மறுமூலையில் பேச்சு கிளம்பிவிட்டது. விளக்கை எடுத்துவிட்டாள். மதியம் சாப்பாட்டு வரிசையில் அது, விளக்கை அணைத்துவிட்டாள் என்று ஆனது. மாலையில், வாயால் ஊதி அணைத்தாள். மறுநாள் குழுவில் யாரோ எழுதினார்கள்: பொங்கலன்று நம் விளக்கை ஊதி அணைத்துக் காலால் தள்ளினாராமே? கால் எங்கிருந்து வந்தது? தட்டில் எரிந்துகொண்டே போன விளக்கை எத்தனையோ பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நான் குழுவில் நடந்ததை எழுதினேன். "அண்ணே, இதைப் பெருசு பண்ண வேண்டாமே" என்று பதில் வந்தது. அவர்கள் பெரிதாக்கியதை நான் சிறிதாக்கக் கூடாதாம்.

அடுத்து உறுப்பினர் கூட்டம். ரெஜினா மிஸ்ஸுக்கு அழைப்பு இல்லை. குணசேகர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சர்ச்சுக்குப் போறவங்களுக்கு விளக்கோட அருமை எங்க தெரியும்?" என்றது. மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டே வளர்ந்தவரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. சிலர் சிரித்தார்கள். புஷ்பாக்கா எழுந்தார். "விளக்கை வச்சது நானு. தப்பான இடத்துல வச்சிட்டேன். மிஸ் அணைக்கல, எடுத்து மேசை மேல வச்சாங்க, நான் பாத்தேன்" என்றார். செயற்குழுவில் ஒருவர், "நீங்க உக்காருங்கக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று கனிவாகச் சொல்லி அவரை உட்கார வைத்துவிட்டார். சாட்சியை அவ்வளவு மரியாதையாக யாரும் வாயடைத்து நான் பார்த்ததில்லை. குணசேகர் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, "சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்றார்.

சனிக்கிழமை வகுப்பு 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டது. சில வாரங்களில் அந்த அறை யோகாவுக்குப் போனது. ஆண்டு மலரில், "ரெஜினா மிஸ் சொந்தக் காரணங்களால் விலகிக்கொண்டார்" என்று ஒரு வரி வந்தது. நான் சங்கப் படியேறுவதை நிறுத்தினேன். நாங்கள் சிலர் சுவா சூ காங்கில் என் அடுக்குமாடி பிளாக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்து வகுப்பைத் தொடர்ந்தோம். மிஸ் செங்காங்கிலிருந்து அவ்வளவு தூரம் ரயிலில் வருவார். பலகை கிடையாது, அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் வரைவார். புஷ்பாக்காவும் வந்தார். முதல் நாள் அழுதார். "அக்கா, அழாதீங்க. அன்னிக்கு உங்களாலதான் எல்லாரும் உட்கருன்னா என்னன்னு மறக்காம இருக்காங்க" என்று மிஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஆண்டு அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். தலைமுடி எல்லாம் போயிருந்தது. வாயெல்லாம் புண். சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏண்ணே முடியையும் சேர்த்து எடுக்குதுன்னு தெரியுமா?" என்றார். அந்த நிலையிலும் வகுப்பு.

"தெரியும். சொல்லாதீங்க, தூங்குங்க."

"இந்த நோயில இருக்கறது நம்ம ஆளுண்ணே. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் பத்திரமா இருக்கு. வெளியிலேருந்து வந்த பாக்டீரியான்னா குறி பாத்து அடிக்கலாம். இது நம்மள மாதிரியே இருக்கு. அதான் அடி நமக்கும் விழுது."

எனக்கு அடக்க முடியவில்லை. சங்கமும் அப்படித்தான், நம்ம ஆட்களே என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். நான் எல்லாரிடமும் சொல்லி வந்ததை அவரிடமும் சொன்னேன்: "அந்தக் குணசேகர் அத்தனை பேர் நடுவுல உங்க மதத்தைச் சொல்லி அசிங்கப்படுத்தினான். அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

கண்ணைத் திறந்தார். "குணசேகரா சொன்னாரு? புஷ்பாக்கா வேற மாதிரி சொன்னாங்களே. பின்னாடிலேருந்து யாரோன்னு."

"தலைவன் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தா அவன் சொன்ன மாதிரிதான்."

"மாதிரின்னா மாதிரி. அது வேற, இது வேற. அவர் சொல்லல. சும்மா இருந்தாரு."

"நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?"

"இல்லண்ணே. அவர் செஞ்சது அதுதான். சும்மா இருந்தாரு. அதுவே போதாதா? எதுக்கு அவர் வாயில இல்லாத ஒண்ணைக் கொண்டுபோய் வைக்கறீங்க?" மூச்சு வாங்கியது. நிறுத்தினார். பிறகு சொன்னார்: "கோபப்படாதீங்கன்னு நான் சொல்லல. எனக்கும் கோபம் இருக்கு, நெறைய இருக்கு. தப்பில்லாம கோபப்படுங்க. அவ்வளவுதான்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கையில் கிடந்த மனுஷியோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். அதற்காக நான் வருந்தப் போவதில்லை. அவரும் படுத்துக்கொண்டே முழுச் சண்டை போட்டார், பாதிச் சண்டை போடும் ஆள் இல்லை அவர்.

செங்காங்கில் அவர் பிளாக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணித் தடுப்பு, வட்ட மேசைகள், பொட்டல பானம், கச்சான் கடலை. தமிழில் ஜெபமாலை முடிந்திருந்தது. சங்கத்திலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு மலர்வளையம் வந்திருந்தது, அதில் அவர் பெயரைவிடச் சங்கத்தின் பெயர் பெரிதாக இருந்தது. என் மேசையில் சங்கத்து ஆள் ஒருவர், "வாழ்க்கை பூரா கிருமியோட இருந்தாங்க, கடைசில கிருமியே கொண்டுபோயிருச்சு" என்றார். கிருமி இல்லை, புற்றுநோய் என்றேன். "எல்லாம் ஒண்ணுதானே அண்ணே" என்றார். ஒன்றில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பானம் எடுக்க எழுந்து போய்விட்டார். இன்னொருவர், "பாவம், கல்யாணம் காட்சின்னு ஒண்ணுமில்லாம தனியாவே இருந்துட்டாங்க" என்றார். மிஸ்ஸுடைய தங்கையின் பேரப்பிள்ளைகள் சவப்பெட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். மிஸ் கையால் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைகள். சங்கத்து ஆட்கள் கண்ணுக்கு அங்கே இல்லாதது மட்டும்தான் தெரிந்தது.

பிறகு குணசேகர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முடியெல்லாம் நரைத்திருந்தது.

"அண்ணே, ஆண்டு மலருக்கு அஞ்சலி நீங்கதான் எழுதணும். வேற யாருக்கும் அவங்களை அவ்வளவு தெரியாது. ஒரு பக்கம் போதும்லா. பழசெல்லாம் வேண்டாமே."

"பழசை எடுத்துட்டா அவங்க எங்க இருக்காங்க?"

"இல்லண்ணே... விலகினாங்கன்னு போட்டு விட்டுருவோம்."

"விலகல. விலக்குனீங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குணசேகர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க என்னைப் பத்தி வெளில என்னவோ சொல்லிட்டு வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். அன்னிக்குக் கூட்டத்துல நான் என்னண்ணே சொன்னேன்? அவங்க மதத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா? ஒண்ணுமே சொல்லலியே!"

"இல்ல. நீங்க ஒண்ணுமே சொல்லல" என்றேன். "அதைத்தான் எழுதப்போறேன்."

அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. நான் கத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும், கிழவனுக்குக் கோபம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஆகவே எழுதிவிட்டேன். கேட்டது ஒரு பக்கம். இது அதைவிட நீளம். வெட்டாமல் போடுவதாக இருந்தால் மலரில் போடட்டும். இல்லாவிட்டால் நானே நகலெடுத்து அவரை அறிந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன்.

ரெஜினா மிஸ் சொந்தமாக வைத்திருந்த நுண்ணோக்கி அவர் தங்கை வீட்டில் இருக்கிறது. எனக்குத் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு வேண்டியதை மிஸ் மருத்துவமனைப் படுக்கையிலேயே தந்துவிட்டார். அன்று வாங்கிக்கொள்ளாமல் வந்தேன், இப்போது எடுத்துக்கொள்கிறேன். அது மன்னிப்பு இல்லை. என்னிடம் மன்னிப்பு இல்லை, அவரும் அதை என்னிடம் கேட்கவில்லை. அவர் கேட்டது, கோபத்தில் நடக்காத ஒன்றைக் கூட்டிச் சொல்லாமல் இருக்கத்தான். இத்தனை வயதில் நான் கற்றதிலேயே கடினமானது அதுதான்.

எனவே, குணசேகர் ரெஜினா மிஸ்ஸை மதத்தைச் சொல்லிப் பேசவில்லை. பேசியவர் பின்வரிசையில் இருந்தார், யாரென்று எனக்குத் தெரியவில்லை. குணசேகர் அதைக் கேட்டார். அவருக்கு நன்றாகக் கேட்டது. காகிதங்களை அடுக்கினார். அடுத்த விஷயத்துக்குப் போனார்.